ஜவுளிக்கடைச் சுவர்

சாத்தூர் கடைவீதியில் சங்கரபாண்டியனின் ஜவுளிக்கடை வாசலில் ஆறு மாதமாக ஒரு பலகை தொங்கியது. பைக் நிற்கலாம், கார் நிற்கலாம். சைக்கிள் நிறுத்தக் கூடாது. பட்டாசுக் கம்பெனி ஆட்கள் சாய்த்து வைக்கும் சைக்கிள்களில் ஒட்டியிருக்கும் அலுமினியப் பொடியால் கடையின் பக்கச் சுவர் கருத்துப் போனது என்று அவர் காரணம் சொல்லியிருந்தார். உண்மைக் காரணம் வேறு. மகளைக் கொடுத்த இடத்துச் சம்பந்தி காரை விட்டு இறங்கி, "சைக்கிள் ஸ்டாண்டுக்குள்ளயா கடை வச்சிருக்கீக?" என்று சிரித்துவிட்டார். அந்த ஒரு சிரிப்பை அவரால் செரிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, அச்சங்குளத்துக் கம்பெனி ஆட்கள் ஏழு பேர் சைக்கிள்களை எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு, வாளியும் சோப்புத்தூளும் தேங்காய் நாருமாக வந்து நின்றார்கள். வேலுத்தாய்தான் பேசினாள்.

"அண்ணாச்சி, இங்கன விடக் கூடாதுன்னு பாலத்தடியில விட்ட எஞ்சைக்கிள் களவு போயிருச்சு. நாலு மைலு நடந்து வேலைக்குப் போறேன். எங்க பொடி சோத்துச் சட்டியில ஒட்டுது, புள்ள கன்னத்துல ஒட்டுது. உங்க சொவத்துலயும் ஒட்டியிருக்கும். களுவித் தந்துர்றோம். எங்களுக்கும் எடம் குடுங்க. நாங்களும் காசு குடுத்துத்தானே துணி எடுக்குறோம்?"

"களுவுங்க. வெளுத்துச்சுன்னா பலகைய எடுத்துர்றேன். எங்க குடும்பத்துல சொன்ன சொல்லு மாறாது."

"சொல்லு மாறாது அண்ணாச்சி. நீங்க குடுத்த சேலைதான் ஒரே தண்ணியில நெறம் மாறிருச்சு" என்றான் அவள் பின்னால் நின்ற முத்துப்பாண்டி. எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு மணி நேரம் தேய்த்தார்கள். சுவர் வெளுத்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மகன் விக்னேஷ்குமார் வழக்கம்போல ஜெனரேட்டரைப் போட்டான். சந்துக்குள் நீட்டியிருந்த அதன் குழாய் இரண்டு முறை இருமி, ஈரச் சுவரின் மேல் கரும்புகையைத் துப்பியது.

"ஏலே, நம்ம பொடி வெள்ளையா மினுங்கும்ல?" என்றான் முத்துப்பாண்டி மெதுவாக. "இது டீசல் கரிலே."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. விக்னேஷ்குமார் ஜெனரேட்டரை நிறுத்தினான்.

சங்கரபாண்டியனுக்குக் காது மடல்கள் சுட்டன. மகனைத் திட்டியிருக்கலாம். எனக்குத் தெரியாமல் போயிற்று என்று சொல்லித் தப்பியிருக்கலாம். படியிறங்கி வந்து பலகையைப் பிடுங்கினார்.

"சொவத்துக்காகப் போட்டதில்லத்தா இது. உங்க சைக்கிள் என் வாசல்ல நிக்கிறது கௌரவக் கொறச்சலாப் பட்டுச்சு. பொய் சொல்லிட்டேன்."

வேலுத்தாய் தரையைப் பார்த்தாள். "பெரியவுக அப்படியெல்லாம் சொல்லாதீக."

அவள் ஏசியிருந்தால் அவர் நிமிர்ந்து நின்றிருப்பார்.

"அந்த நாரை இங்கன குடு."

"வேணாம் அண்ணாச்சி..."

"குடு ஆத்தா."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடைவீதியே பார்க்க, அவர் சுவரைத் தேய்க்கத் தொடங்கினார். முதுகுக்குப் பின்னால் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக ஸ்டாண்ட் போடும் ஓசை கேட்டது. திரும்பி அவர்கள் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை.