ஸ்பீக்கர் தேர்வுக் கமிட்டி

ஜகதீசன் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் கொள்முதல் அதிகாரி. ஒரு டஜன் ஆணி வாங்குவதென்றாலும் மூன்று பேர் கமிட்டி போடுகிறவர். வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்கும்போது மட்டும் வழக்கத்தை விடுவாரா?

ஆபிட்ஸ் கடைத்தெரு ரேடியோக் கடைக்காரன் இரண்டு ஜோடிகளைப் பரீட்சைக்காகக் கொடுத்திருந்தான். இரண்டும் சீமைச் சரக்கு. ஒன்று அலமாரித் தட்டில் அடங்கிவிடும். இன்னொன்று இடுப்புயரம். அதைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, கூடத்தின் இரண்டு மூலைகளிலும் நிறுத்த வேண்டும்.

அதில் ஒரு மூலை அவர் மனைவி கல்பகத்தினுடையது. ஜன்னலை ஒட்டி அவளுடைய தையல் மிஷின் இருந்தது. செகந்திராபாத் மாரெட்பள்ளியில் நாலு தெருப் பெண்களுக்கு அவள்தான் ரவிக்கை தைத்தாள். உள்ளறையில் கட்டில் போக மிச்சம் இருட்டுதான். பெரிய ஜோடி வந்தால் மிஷின் மெட்டுகுடாவில் ஜகதீசனின் தங்கை ருக்மிணி வீட்டுக்குப் போய்விடும் என்று அவர் முன்பே சொல்லிவிட்டார்.

"சின்னது ஜெயிச்சா?" என்று கல்பகம் கேட்டாள்.

"ஜெயிச்சா உன் மிஷினை யார் தொடப்போறா? எல்லாம் கமிட்டி கையிலதான் இருக்கு."

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கமிட்டி கூடியது. தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு பத்ரிநாராயணன், டிசைன் பிரிவு இளங்கோவன், தலைவர் ஜகதீசன். பெரிது சிறிது என்று கண் மயங்கக் கூடாதென்று குறுக்கே கொடி கட்டிப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டிருந்தார் ஜகதீசன். ஒயர்களையும் அவரே இணைத்திருந்தார். பாட்டுக் கச்சேரி ரெக்கார்டு ஒன்று சுழன்றது. முதலில் 'ஏ', பிறகு 'பி'.

"'பி'யில கனமே இல்லை, ஓய்" என்றார் பத்ரிநாராயணன். "மிருதங்கம் தகர டப்பா மாதிரி இருக்கு."

"ஆமா சார், 'ஏ'தான்" என்றார் இளங்கோவன்.

ஜகதீசன் ஒரு டைப் அடித்த தாளை நீட்டினார். இருவரும் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்கள். காப்பித் தட்டோடு வந்த கல்பகம் அங்கேயே நின்றாள்.

"ஏன்னா, அந்த 'பி'யில பாடறவர் நடுவுல இல்லையே. குரல் ரெண்டு பக்கமும் பிஞ்சுண்டு போறது. ஒயரை எங்கேயோ மாத்திக் கொடுத்திருக்கு."

கல்யாணத்துக்கு முன் அவள் செகந்திராபாத் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆறு வருஷம் ஆபரேட்டராக இருந்தவள். எந்த லைனில் என்ன கோளாறு என்று காதாலேயே சொல்லிவிடுவாள்.

"இது டிரங்க் கால் இல்லடி" என்றார் ஜகதீசன். பத்ரிநாராயணன் காப்பி சிந்தச் சிரித்தார்.

இளங்கோவன் சிரிக்கவில்லை. எழுந்து விரிப்புக்குப் பின்னால் போனார். "சார், மாமி சொல்றது சரிதான். சின்ன ஜோடியில ஒரு ஸ்பீக்கர்ல சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் மாறியிருக்கு."

மாற்றிக் கொடுத்துவிட்டு மறுபடி போட்டார். குரல் நடுக்கூடத்தில் வந்து நின்றது. மிருதங்கத்தின் இடது பக்கக் கனம் தரையிலிருந்து எழும்பியது. பத்ரிநாராயணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அடடே, இதுன்னா சங்கீதம்!"

கல்பகத்துக்கு மூச்சு வந்தது. "அப்போ சின்னதுதானே?"

"கையெழுத்து ஆயிடுத்தே" என்றார் ஜகதீசன்.

"வீட்டுல ஏது சார் ஆடிட்?" என்றார் இளங்கோவன்.

"நக்கோ, நக்கோ, வேண்டவே வேண்டாம். முடிஞ்ச கமிட்டியைத் திரும்பக் கூட்டறதுங்கறது என் சர்வீஸ்லயே கிடையாது."

கல்பகம் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். 'ஏ'க்கு எண்பத்தெட்டு மார்க், 'பி'க்கு ஐம்பத்தொன்று. 'பெரிய ஜோடி ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தது. மேலே சனிக்கிழமைத் தேதி.

"பாட்டை இன்னிக்குத்தானே கேட்டேள்? மார்க் எப்படி நேத்திக்கே வந்தது?"

"ஞாயித்துக்கிழமை ஸ்டெனோ வருவாளோ?" என்றார் ஜகதீசன். அவர் குரலில் கூச்சமே இல்லை.

"ஆபீஸ்ல அதான் வழக்கம், மாமி" என்று பத்ரிநாராயணன் சமாதானமாகச் சொன்னார். "எது வாங்கணும்னு தெரிஞ்சப்புறம்தான் கமிட்டியே போடுவா."

"எங்க டெபுடி ஜி.எம். ஆத்துக் கூடத்துல இடுப்புயர ஸ்பீக்கர் நிக்கறது. அடுத்த மாசம் அவர் இங்கே வரார்" என்றார் ஜகதீசன். "அலமாரியில இருக்கறதைக் காட்டி, 'இதுதான் சார்'னு சொல்லச் சொல்றியா?"

இளங்கோவன் செருப்பைத் தேடத் தொடங்கினார்.

ஒயர் மாறியது கைத்தவறா என்று கல்பகம் கேட்கவில்லை. வீட்டு ரேடியோவுக்கும் ஃபேனுக்கும் இருபது வருஷமாக ஒயர் பூட்டிய கை அவருடையது. அவளுக்குப் பதில் தேவைப்படவில்லை.

"கீழே யூசர்னு ஒரு இடம் காலியா இருக்கு பாரு. நீயும் ஒரு கையெழுத்துப் போட்டுடு" என்று பேனாவை நீட்டினார் ஜகதீசன்.

"எந்தத் தேதி போடட்டும்? நேத்தா, இன்னிக்கா?"

"நேத்திக்கே போடு."

போட்டாள். பிறகு மிஷின் மேலிருந்த துணிகளில் ஒரு மூட்டையை உருவி, பத்ரிநாராயணன் மடியில் வைத்தாள். வெட்டி முடித்து, தைக்காத பட்டு ரவிக்கைத் துண்டுகள்.

"உங்காத்து மாமியோடது."

"ஐயோ, வியாழக்கிழமை மச்சினிக்குக் கல்யாணமாச்சே மாமி!"

"கமிட்டியில இருந்தேளே. ஆத்துல போய்ச் சொல்லிடுங்கோ."

திங்கட்கிழமை காலை ரிக்‌ஷா வந்தது. ருக்மிணிக்கு ஊசியில் நூல் கோக்கவும் தெரியாது. மிஷின் மேல் டி.வி. வைத்துக்கொள்ளலாம் என்று அவள் சந்தோஷமாகச் சொல்லியனுப்பியிருந்தாள். ஆட்கள் தூக்குவதற்கு முன் கல்பகம் குனிந்து, பாபின் கேஸைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அதை ஏன் எடுக்கறே? அது இல்லாம மிஷின் எப்படி ஓடும்?" என்றார் ஜகதீசன்.

"அங்கே ஓடணுமா என்ன?"

ஆட்கள் மிஷினைத் தூக்கிக்கொண்டு போனார்கள். காலியான மூலையில் ஜகதீசன் குனிந்து, சுவரிலிருந்து சரியாக இரண்டடி இருக்கிறதா என்று அளந்துகொண்டிருந்தார். அவளுடைய தையல் டேப்பால்.