மேபலுக்கு ஒரு பேர்

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் மேபலுக்கு அரைப்பேர் விழுந்த நாள்களில் அவரை யாராலும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. ‘மே’ என்பதோடு நாக்கு நின்றுவிடும். பறித்த கொழுந்து குறித்த நிறைக்குக் குறைந்தால் அந்த நாளைக் கங்காணி பாதி நாளாகத்தான் பதிவார், அதுதான் அரைப்பேர். முழு நாள் என்றால் ஒரு பேர். புருசன் யாகப்பர் லயத்து வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் பட்டியிலிருந்து ஆடுகள் பதில் சொல்லும். யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. மறுநாள் ஒரு பேர் விழுந்தால் பெயரும் திரும்பி வந்துவிடும். வினை கடைசி நாளில் வந்தது. ஓய்வு பெற்ற அன்று அடைமழை, கொழுந்து குறைவு, அரைப்பேர். மறுநாள் வேலை இல்லை. ஆகவே பதினோரு வருடமாக அவர் வெறும் மே.

குடும்பம் கண்டி நகருக்கு, மஹய்யாவ பக்கம் இறங்கி வந்த பிறகும் அப்படித்தான். மகள் ஷாமலா டீச்சராகி, முதுகலை முடித்து, கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பித்தபோது ஆய்வுத் தலைப்பு அரைப்பேர்தான் என்று முடிவெடுத்திருந்தார். அம்மாவின் மற்றப் பாதியை மீட்க வேண்டும், பட்டமெல்லாம் அதற்குப் பிறகு. தலைப்பையும் மேற்பார்வையாளரின் கையெழுத்தையும் மார்ச் முடிவதற்குள் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும்.

பேராசிரியர் விவேகானந்தன் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். அவர் கையெழுத்துப் போட்ட ஆய்வு எதுவும் திரும்பி வந்ததில்லை. “அரைப்பேர் எண்டால் வீட்டிலை கூப்பிடுற செல்லப்பேர்தானே, பிள்ளை?” என்றார். ஷாமலா விளக்கினார். “ஓம் ஓம், விளங்குது. அதை ஒரு அடிக்குறிப்பிலை வையும். தலைப்பை நான் தாறன்.” எங்கே விளங்கியது, பாவம்! அவர் தந்த தலைப்பு ‘கண்டித் தமிழரின் செல்லப்பெயர்கள்’. இடம் போய்விடுமோ என்ற பயத்தில் ஷாமலாவும் தலையாட்டிவிட்டு வந்தார்.

அன்று பின்னேரமே குட்செட் பஸ் நிலையத்தில் சிநேகிதி றேணுகா “ஷா!” என்று கத்தினார். பாடசாலையில் ஷா டீச்சர். வீட்டிலும் ஷா. மூன்று வாரம் இப்படியே போக, அம்மா ஒருநாள் மகளை ஏற இறங்கப் பார்த்தார். “அரை மனசோட வேலைக்கு எறங்கிட்டியா? கங்காணி கூட இல்லாம ஒனக்கு அரைப்பேர் விழுந்திருக்கு பாரு!”

ஷாமலாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல, அதுவும் தன் மேலேயே. விடிந்ததும் போய்ப் பேராசிரியரிடம் தலைப்பைத் திருப்பிக் கொடுத்தார். “நல்லா யோசியும், ஷா... ஷா...” என்று அவர் திணறினார். “யோசிச்சிட்டேன் சேர்” என்றார் ஷாமலா. மார்ச்சில் இன்னும் இரண்டே நாள்.

அதே துறையில் இருந்த கலாநிதி மஹ்ரூபின் அறை படிக்கட்டுக்குக் கீழே இருந்தது. அவர் இதுவரை ஒருவரையும் மேற்பார்வை செய்ததில்லை. இருந்த ஒரே கதிரையை ஷாமலாவுக்குத் தந்துவிட்டு நின்றார். அரைப்பேர் என்ற சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லை என்று ஒப்புக்கொண்டார். மழை, கொழுந்து, ஆடுகள் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, “அப்ப மத்தப் பாதி எங்க போன?” என்றார்.

பதினோரு வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. ஷாமலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “அதத்தான் சேர் தேடணும்.”

அவர் கையெழுத்தைப் போட்டார். “அப்ப தேடுவோம், ஷாமலா.” பெயர் முழுதாக வந்ததை அவர் கவனிக்கவில்லை.

ஏப்ரல் முதல் திங்கட்கிழமை, பாடசாலை விடுமுறையில், ஷாமலா அம்மாவைக் கதிரையில் உட்காரவைத்துக் தோட்டத்து வேலை நேரப்படியே காலை ஏழரையிலிருந்து நாலரை வரை கேட்டு எழுதினார். எத்தனை அரைப்பேர், எந்த மலை, என்ன மழை, எல்லாமே. நாலரைக்கு, கொப்பியின் அடியில் ‘மேபல், ஒரு பேர்’ என்று பதிந்தார். அந்த நேரம் பக்கத்து வீட்டு ஆஸியா உம்மா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “மேபல்! தண்ணி வந்தீக்கி, வாளிய வைங்க!”

மேபல் வாளியை எடுத்துக்கொண்டு எழும்பினார். வாசலில் நின்று மட்டும் கேட்டார். “நாளைக்கும் பேர் போடுவியா?”

“ஆய்வு முடியிற வரைக்கும், நாலு வருசத்துக்குப் போடுவேன்மா.”

மறுநாள் ஏழு மணிக்கே மேபல் தலை சீவிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் கொப்பியோடு வர ஏழே முக்கால் ஆகிவிட்டது.

“பிந்தி வந்தா அரைப்பேர்தான், ஷாமலா” என்றார் மேபல்.