ஆறு மணிக்குள் ஒரு கையெழுத்து

எங்கள் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஒருத்தன் வர லேட்டானால் இன்னொருத்தன் அவனுக்கும் சேர்த்து ரெஜிஸ்டரில் கையெழுத்து போட்டுவிடுவான். தேசப்பனுக்கு நான் போடுவேன், எனக்கு தேசப்பன். பதினெட்டு வருஷத்தில் ஒரு நாய்கூடக் கேட்டதில்லை. அது தப்பென்று எனக்குத் தோன்றியதே இல்லை.

என் மகள் கவிப்பிரியா டென்னிஸ் ஆடுகிறவள். கம்பெனி அதிகாரிகள் ஆடும் கோர்ட்டில் பந்து பொறுக்கப் போய், கடைசியில் அவர்களையே மூச்சு வாங்க ஓடவிட்டவள். மூன்று சர்வதேசப் போட்டிகளில் புள்ளி எடுத்தால்தான் உலகத் தரவரிசையில் பேர் வருமாம். இரண்டில் எடுத்துவிட்டாள். மூன்றாவது, 2006இல், சென்னையில். முந்தின நாள் மாலை ஆறு மணிக்குள் ஆடுகிறவரே நேரில் வந்து தாளில் கையெழுத்து போட வேண்டும். இல்லையென்றால் ஆட்டம் கிடையாது.

நரம்பு மாற்றக் கொடுத்த ராக்கெட்டை வாங்க நான் முன்னாடியே சென்னைக்குப் போய்விட்டேன். அவள் வந்த ரயில் பொன்னேரியில் நின்றுவிட்டது. நாலு மணிக்கு யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டு அழுதாள்.

"பேஜாராவாத கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ராக்கெட்டோடு போட்டி நடக்கும் இடத்தில் காத்திருந்தேன்; ஐந்தரை ஆகியும் ஆளைக் காணோம். கையெழுத்துத் தாள் இருந்த மேஜையைச் சுற்றிக் கூட்டம். தாளுக்குப் பொறுப்பான நடுவர் அம்மா திரும்பி யாரிடமோ பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அவள் கையெழுத்தை அச்சு அசலாகப் போட்டுவிட்டேன். எனக்குப் பெருமை வேறு.

நடுவர் அம்மா தாளைப் பார்த்தார். இந்தப் பெண்ணை நான் பார்க்கவில்லையே, எங்கே என்று கேட்டார். கையெழுத்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறாள் என்று கூசாமல் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து கவிப்பிரியா பையோடு ஓடி வந்தாள். உடம்பெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு. சுவர்க் கடிகாரத்தில் ஆறுக்கு ஐந்து நிமிடம்.

"வந்துட்டேன் மேடம். எங்க கையெழுத்து போடணும்?"

நடுவர் அம்மா தாளை அவள் பக்கம் திருப்பினார். அவள் படித்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

பொய்க் கையெழுத்து என்றால் பேரை எடுத்துவிட வேண்டியதுதானாம். நான் போட்டது, என்னைத் தண்டியுங்கள் என்று கும்பிட்டேன். நீங்கள் சும்மா இருந்திருந்தால் இவள் இப்போது போட்டிருப்பாளே என்று சொல்லிவிட்டு, நடுவர் அம்மா அவள் பேர் மேல் கோடு கிழித்தார்.

கவிப்பிரியா அழவில்லை. பேனாவைப் பிடித்தபடி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் மூணு நிமிஷம் கீது நைனா" என்றாள்.