கடைசியாக அணையும் ஜன்னல்

பத்தொன்பது வருடமாகக் கடற்கரைச் சாலையில் பஸ் ஓட்டுகிறேன். சாயங்கால ஷிஃப்ட். இரண்டு மணிக்கு டிப்போவில் வண்டியை எடுத்தால் இரவு பத்துக்குத்தான் இறங்குவேன். என் பஸ்ஸில் ஏறும் வெளியூர்க்காரர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "டிரைவரம்மா, சூரியன் மறையறதைப் பாக்க எங்க தங்கினா நல்லாயிருக்கும்?" நானும் ரொம்பத் தெரிந்தவள் மாதிரி கை காட்டி அனுப்பிவிடுவேன். உண்மையில் அந்தக் காட்சியை நான் ஒரு நாள்கூட முழுசாகப் பார்த்ததில்லை. பின்னால் எல்லோரும் "ஆகா" என்பார்கள். நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, குறுக்கே எவன் ஓடி வரப்போகிறான் என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அது கண் கூச்சம், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் கதை இதைவிட மோசம். அவர் பேக்கரியில் அடுப்பு பார்ப்பவர். விடியற்காலை இரண்டு மணிக்கு மாவு பிசைய நிற்க வேண்டும் என்பதால் சாயங்காலம் ஐந்தரைக்கே படுத்துவிடுவார். லீவு நாளிலும் அந்த உடம்பு ஆறு மணியைத் தாண்டாது. நான் வீட்டுக்கு வரும்போது அவர் குறட்டை, அவர் கிளம்பும்போது என் குறட்டை. அவர் வேலை முடிந்து வருவதற்குள் நான் டிப்போவுக்குப் போயிருப்பேன். உனக்கு மகள் எப்படிப் பிறந்தாள் என்று டிப்போவில் என்னைக் கேலி செய்யாத ஆள் கிடையாது.

அந்த மகள்தான் போன மாதம் ஆரம்பித்தாள். "ஏம்மா, நீயும் அப்பாவும் சாயங்கால நேரத்துல ஒரு நாளாவது முழிச்சு உக்காந்து பேசியிருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். கல்யாணத்தன்று சாயங்காலம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்போதும் அவர் நாற்காலியில் சாய்ந்து தூங்கிவிட்டார். போட்டோகூட இருக்கிறது.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாளே இரண்டு பேருக்கும் ஒரே நாளில் லீவுக்கு எழுதிப் போட்டேன். ஒரு ஹோட்டலில் அறை எடுக்க வேண்டும். சூரியன் கடலில் இறங்குவதை முதலிலிருந்து கடைசிவரை, இரண்டு பேரும் விழித்திருந்து, ஒன்றாகப் பார்க்க வேண்டும். வீட்டில் இது நடக்காது. எங்கள் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும்.

எங்கே தங்குவது என்பதில்தான் எனக்கும் என் கண்டக்டருக்கும் சண்டை. அவனுக்கு டிப்போவில் 'மைக்' என்று பெயர். அவன் ஸ்டாப்பிங் பேரைச் சொன்னால் அடுத்த ஸ்டாப்பிங்கில் இருப்பவர்களும் எழுந்து நிற்பார்கள்.

"அக்கா, கண்ண மூடிக்கிட்டு அந்தப் பதினெட்டு மாடி ஹோட்டலுக்குப் போங்க. வாசல்லயே பெரிய போட்டோ வெச்சிருக்கான், சூரியன் அப்படியே தண்ணிக்குள்ள போகுது."

"அது எந்த மாசம் எடுத்த போட்டோன்னு கேட்டியா? இப்ப சூரியன் தெற்கால தள்ளிப் போயிடுச்சுடா. அங்க நின்னா துறைமுகத்து கிரேனுக்குப் பின்னாடிதான் இறங்கும்."

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஆறேகால் மணி டிரிப்பில் கடற்கரைச் சாலையின் கடைசி முனையிலிருந்து திரும்பி வரும்போது சூரியன் என் முதுகுப் பக்கம் இருக்கும். கடற்கரை ஹோட்டல்கள் எல்லாம் வரிசையாக என் எதிரே நிற்கும். சூரியன் தெரிகிற ஜன்னல் மட்டும் பற்றிக்கொண்டு மின்னும். அந்த ஜன்னலுக்குச் சூரியன் மறைந்ததும் அது அணைந்துவிடும். எந்த ஜன்னல் கடைசியாக அணைகிறதோ, அந்த அறையில் இருப்பவனுக்குத்தான் கடைசிச் சொட்டு வரைக்கும் சூரியன். ஒரு வாரம் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கவனித்தேன். பதினெட்டு மாடி முதலில் அணைந்தது. பேர் பெற்ற மற்ற ஹோட்டல்களும் ஒவ்வொன்றாக அணைந்தன. வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு நாலு மாடி ஹோட்டலில், மூன்றாவது மாடி மூலையில், ஒரு சின்ன ஜன்னல் மட்டும் ஏழு நாளும் கடைசி வரைக்கும் எரிந்தது. ஏழாவது நாள் நான் சந்தோஷத்தில் ஹாரனை அடித்துவிட்டேன். முன்னால் போன சைக்கிள்காரர் திரும்பி முறைத்தார்.

அந்த நாளும் வந்தது. காலையிலிருந்து எனக்குக் கால் தரையில் படவில்லை. அவருக்கும் அப்படித்தான். புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "இன்னிக்கு என்ன ஆனாலும் நான் தூங்க மாட்டேன், எழுதி வெச்சுக்கோ" என்று பஸ்ஸில் வரும்போதே சவால் விட்டார். சொல்லிவிட்டு ஒரு கொட்டாவி விட்டார்.

ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க மேடம்?" என்றாள்.

"இதே ஊருதான். எட்டாவது ஸ்டாப்பிங்."

அவள் எங்களை ஒரு மாதிரி பார்த்தாள். ஓடி வந்து கல்யாணம் செய்கிற வயசு இல்லையே என்று நினைத்திருப்பாள். நான் மூன்றாவது மாடி மூலை அறையைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் குழப்பம்.

"மேடம், அது சூரியன் பாக்கற ரூம் இல்ல. துணி தேய்க்கிற ரூமுக்குப் பக்கத்துல இருக்கு. யாருமே கேக்க மாட்டாங்க. முன்பக்கம் பால்கனி வெச்ச ரூம் காலியா இருக்கு, அதைத் தரட்டுமா?"

"எனக்கு அதுதான் வேணும்மா."

"அப்புறம் கம்ப்ளெயின்ட் பண்ணக் கூடாது."

"பண்ணினா என் பேரை மாத்திக்கறேன்."

அறை சின்னதுதான். கட்டில், மேசை, ஒரே ஒரு நாற்காலி. திரையை இழுத்தேன். கிரேன் இல்லை, கட்டடம் இல்லை, ஒரு கம்பிகூடக் குறுக்கே இல்லை. தண்ணீர், தண்ணீர், தண்ணீர். நான் அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். இரண்டாவது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்த வரவேற்புப் பெண்ணும் அப்படியே நின்றுவிட்டாள். "ஆறு வருஷமா இங்க இருக்கேன் மேடம், இந்த ஜன்னலைத் திறந்ததே இல்ல" என்றாள்.

சூரியன் மறைவது ஆறு இருபத்து மூன்றுக்கு. நாலு மணிக்கு அவருக்குக் கடுங்காப்பி கொடுத்தேன். நாலரைக்கு முகம் கழுவ வைத்தேன். ஐந்துக்கு மாடிப்படி ஏறி இறங்க வைத்தேன். ஐந்தரைக்கு இன்னொரு காப்பி. ஐந்தே முக்காலுக்கு, பக்கத்து பேக்கரிக்காரன் பன்னில் சர்க்கரை அதிகம் போடுகிறான் என்று நானே வலியப் பேச்சைக் கிளப்பினேன். அவர் கொதித்தெழுந்து பத்து நிமிடம் திட்டினார். எனக்கு நம்பிக்கை வந்தது. திரும்பி ஜன்னலைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தால், மனிதர் காலிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி நாற்காலியில் தூங்குகிறார்.

மணி ஆறு இரண்டு.

"என்னங்க!" அசைவில்லை. உலுக்கினேன். தண்ணீர் தெளித்தேன். துடைத்துக்கொண்டு தூங்கினார். மகளுக்குப் போன் போட்டு அவர் காதில் வைத்தேன். "அப்பா! எழுந்திரு!" என்று அவள் கத்தியதில் எனக்கே காது வலித்தது. அவர் போனைத் தலையணை என்று நினைத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அந்த நேரத்துக்கு என் பஸ்ஸும் வளைவில் திரும்பியது. மாற்று டிரைவர் ஹாரனை நீளமாக அடிக்க, மைக் படியில் தொங்கியபடி, "அக்கா! மாமா முழிச்சிருக்காரா?" என்று தெருவே அதிரக் கேட்டான். பஸ் முழுக்க என் ஜன்னலைப் பார்த்துக் கை ஆட்டியது. நான் உதட்டைப் பிதுக்கினேன்.

மணி ஆறு பதினாறு. சூரியன் சிவந்து, வட்டமாக, கண் கூசாமல் தண்ணீருக்கு மேலே நின்றது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தனியாகப் பார்ப்பதற்கா இவ்வளவு பாடு? தனியாகப் பார்க்க எனக்கு ரூம் எதற்கு? கோபத்தில் அந்த ஆளை நாற்காலியோடு கவிழ்த்துவிடலாமா என்று தோன்றியது. அப்போதுதான் பொறி தட்டியது. குனிந்து அவர் காதில், ரகசியம் மாதிரி, மெதுவாகச் சொன்னேன்.

"பன்னு கருகுது."

நாற்காலி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். "கதவைத் திற! டிரேயை இழு! கைத்துணி எங்க?" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஜன்னலுக்குப் பாய்ந்தார். எதிரே முழுச் சிவப்பு. அப்படியே நின்றார். கை மெல்ல இறங்கியது.

"கருகலையே," என்றார். "நல்ல பதத்துல இருக்கு. இன்னும் ரெண்டு நிமிஷம் விடலாம்."

எனக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டியது. அவரைப் பிடித்து உட்கார வைத்து, என் நாற்காலியையும் ஒட்டிப் போட்டேன். ஆனால் எனக்கு அந்த இமை மேல் துளியும் நம்பிக்கை இல்லை. இடது இமை கொஞ்சம் இறங்கியது, கிள்ளினேன். வலது இமை இறங்கியது, விலாவில் குத்தினேன். கண் விரிந்தது. அவர் முகம் முதலில் செம்பு நிறமானது, பிறகு சிவந்தது, பிறகு ஒரு ஊதா ஏறியது. வாயைச் சின்னப் பிள்ளை மாதிரி திறந்து வைத்திருந்தார். பத்தொன்பது வருடத்தில் பகல் வெளிச்சத்தில் அவர் முகத்தை இவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை. காதோரம் இவ்வளவு நரைத்திருப்பது எனக்குத் தெரியவே தெரியாது.

"அம்மாடி!" என்று என் கையை இறுக்கினார். "கடைசில சட்டுனு போச்சே, பாத்தியா?"

திரும்பினேன். கடல்தான் இருந்தது. சூரியன் இல்லை.

"பாக்கலைங்க."

"என்னது?"

"நீங்க தூங்கிடுவீங்களோன்னு உங்க மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தேன்."

அவர் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியை என் பக்கம் முழுசாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"சரி, விடு. நான் சொல்றேன், கேளு. முதல்ல அடுப்பு சூடேறும்போது ஒரு மஞ்சள் இருக்கும் பாரு, அங்கேர்ந்து ஆரம்பிக்கறேன்..."

மஞ்சளிலிருந்து அடுப்புக்குப் போனார். அடுப்பிலிருந்து அவர் முதலாளிக்கு, அங்கிருந்து மகளுக்கு, மறுபடி சூரியனுக்கு. கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். வெளியே தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்தன. நான் ஒரு தடவைகூட அவரைக் கிள்ளவில்லை. மணி ஏழே முக்கால் ஆனபோது, அவர் கதையில் சூரியன் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை.