மணமாகாதவள் வாங்கிய வீடு

வாடகைக்கு விட்ட வீட்டை விற்கப்போகிறேன் என்று வீட்டுக்காரி மதாம் சொலாஞ் சொன்னதும், அவர் திரும்பி வந்தால் எங்கே போவார் என்ற நினைப்புதான் பாக்கியத்துக்கு முதலில் வந்தது.

அவர் என்றால் நாகலிங்கம், அவள் கணவர். உலகப் போர் தொடங்குவதற்கு முந்தைய வருஷம், தாயாரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கொழும்பு வழியாக நாகப்பட்டினத்துக்குப் புறப்பட்டவர். இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு போர் வந்து கடலை மூடியது. போர் முடிந்து, போர்ட் லூயி துறைமுகத்தில் மறுபடியும் கப்பல்கள் வந்து நின்றன. அரிசி மூட்டைகள் இறங்கின, துணிக் கட்டுகள் இறங்கின. அவர் இறங்கவில்லை. ஊருக்கு அவள் எழுதிய கடிதங்களுக்குப் பதிலும் வரவில்லை. இருக்கிறார் என்று சொல்லவும் யாருமில்லை, இல்லை என்று சொல்லவும் யாருமில்லை.

தேர் ரூஜ் என்ற ஊரில், ரயில் பாதைக்கு அப்பால், லிச்சி மரத்தடியில் தகரக் கூரை போட்ட பலகை வீடு. மொரீஷியஸ் தீவில் அவர் கண்ணை மூடிக்கொண்டு வந்து சேரக்கூடிய வீடு அது ஒன்றுதான். அதனால் பாக்கியம் முன்கதவின் தாழ்ப்பாளைப் போடுவதே இல்லை. கதவைச் சாத்திவைப்பாள், அவ்வளவுதான். நாற்பத்தைந்தாம் வருஷத்துப் புயலில் கூரைத் தகரங்கள் ஒவ்வொன்றாகப் பறந்தபோதுகூட, தையல் மெஷினை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாளே தவிர, தாழ்ப்பாளைத் தொடவில்லை. தொட்டால் கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று அறுந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

மதாம் சொலாஞ் அடுத்த வளவில் இருந்தாள். கத்தோலிக்கப் பெண். அவள் பாட்டனார் புதுச்சேரியிலிருந்து வந்த கொத்தனார். அந்த ஒரு செய்தியையும் கறிக்கு அரைக்கும் மசாலாவையும் தவிர அவளிடம் தமிழ் என்று எதுவும் மிச்சமில்லை. இப்போது சென்ட்ர் டி ஃப்ளாக் ஊரில் இருக்கும் மகனோடு போய்த் தங்கப் போகிறாள். வீட்டைக் கேட்டு ஒரு மர வியாபாரி வந்திருந்தான். பலகைகளைப் பிரித்து எடுத்துக்கொண்டு, நிலத்தில் கிடங்கு கட்டுவானாம். நீ வாங்குவதானால் அவனை அனுப்பிவிடுகிறேன் என்று அவள் பாக்கியத்திடம் தீவின் பேச்சுமொழியான க்ரியோலில் சொன்னாள்.

பாக்கியத்திடம் பணம் இருந்தது. கரும்புத் தோட்டத்து ஆட்களுக்குச் சட்டை தைத்துச் சேர்த்தது. அவர் வந்ததும் இருவருமாக ஊர் திரும்புவதற்குக் கப்பல் கட்டணம் என்று தனியாக முடிந்து வைத்திருந்தாள்.

கோபாலனுக்கு இது பிடிக்கவில்லை. நாகலிங்கத்தின் சித்தப்பா மகன் அவன்; அவன் வீட்டார் இருப்பது வேறு ஊரில், அவர்களுக்கும் அண்ணனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அண்ணன் வேலை பார்த்த அதே ஜவுளிக் கடையில், அண்ணன் இருந்த இடத்தில் இப்போது வேலை பார்க்கிறான். ஞாயிறு தவறாமல் வந்து, விறகு பிளந்து கொடுத்துவிட்டுப் போவான்.

“அயல் தேசத்துல வீடு வாங்கறவங்க அங்கேயே இருந்துடறவங்க, அண்ணி. அண்ணன் வந்தா உங்கள ஊருக்குத்தானே கூட்டிட்டுப் போவாங்க?”

“அண்ணன் வந்து நிக்கறதுக்கு ஒரு வாசல் வேணும்ல, தம்பி.”

மறுநாள் இருவரும் ரயிலேறி, போர்ட் லூயியில் சொத்துப் பத்திரங்கள் எழுதும் நொத்தேரின் அலுவலகத்துக்குப் போனார்கள்.

குமாஸ்தா டானியேல் இளைஞன், மரியாதையானவன். பெயர், வயது, பிறந்த ஊர் எல்லாம் கேட்டு எழுதினான். கணவர் பெயர் என்று கேட்டபோது பாக்கியம் கோபாலனைப் பார்த்தாள். அவள் அந்தப் பெயரை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கோபாலன் சொன்னான். கணவர் எங்கே என்று டானியேல் கேட்டான். அதையும் கோபாலனே சொன்னான்.

டானியேல் பேனாவைக் கீழே வைத்தான். மணமான பெண் சொத்து வாங்கக் கணவன் அனுமதி வேண்டும், அவர் இங்கே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றான். இறந்திருந்தால் அதற்குத் தாள் வேண்டும். காணாமல் போனவர் என்றால் கோர்ட்டுக்குப் போகலாம். வருஷக்கணக்கில் இழுக்கும், அவர்களும் முதலில் கேட்பது கல்யாணத் தாளைத்தான். கல்யாணம் எங்கே பதிவானது?

பதிவாகவில்லை. கோவிலில் நடந்தது. நாகஸ்வரம் இல்லாமல், மேளம் மட்டும் வைத்து, அவள் தந்தையும் கடைக்காரர்களும் சாட்சியாக நிற்க, அவர் தாலி கட்டினார். அரசாங்க அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. பாதிக் கல்யாணங்கள் அப்படித்தான் நடந்தன.

டானியேலின் முகம் தெளிந்தது.

“அப்படியானால் சிரமமே இல்லை, மதாம். சட்டத்துக்கு உங்கள் கல்யாணம் தெரியாது. மணமாகாதவள் என்று எழுதிவிட்டால் இந்த வாரமே வீடு உங்களுடையது.”

நல்ல செய்தி சொல்கிறவனின் குரலில்தான் சொன்னான். பாக்கியத்தின் கை கழுத்துக்குப் போயிற்று.

ரயிலில் திரும்பும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பூத்த கரும்பு வயல்கள் வெள்ளையாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தன. அவற்றுக்கு நடுவே யாரோ நடந்து வருவது போலவும், நெருங்கினால் காற்று மட்டும் இருப்பது போலவும் தோன்றியது. கோபாலன் தயங்கித் தயங்கித் தன் யோசனையைச் சொன்னான். பத்திரத்தைத் தன் பெயரில் எழுதிவிடலாம். அண்ணி அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் வந்தால் அண்ணன் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிடுவான்.

அவன் சொன்னதில் கபடம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கோபாலனுக்கு ஊரில் பெண் பார்த்திருந்தார்கள். அவனும் ஒருநாள் கப்பல் ஏறுவான். வருகிறேன் என்று சொல்லித்தான் ஏறுவான்.

அன்று மாலை அவள் மதாம் சொலாஞ்சிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வருவதற்காக வீட்டை வைத்துக்கொள்ள வேண்டும், வீட்டை வைத்துக்கொள்ள அவர் இல்லவே இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, அழாமல் உட்கார்ந்திருந்தாள். சொலாஞ் அவரைக்காய் உரித்துக்கொண்டே சொன்னாள்.

“என் ரோஜேயோடு முப்பது வருஷம் இருந்தேன், பாக்கியம். நாலு பிள்ளை பெற்றேன். மாதா கோவிலில் கல்யாணம் வைக்க எங்களுக்கு வசதி இல்லை. பாதிரியார் என்னைக் கல்யாணமாகாத பெண்ணைப் போல மாம்செல் சொலாஞ் என்றுதான் கூப்பிடுவார், எல்லார் முன்னாலும். நான் திரும்பிப் பார்ப்பேன். வேறென்ன செய்வது? கூப்பிடுவது என்னைத்தானே.”

வெள்ளிக்கிழமை பாக்கியம், சொலாஞ், கோபாலன் மூவரும் நொத்தேர் முன்னால் உட்கார்ந்தார்கள். வெள்ளைத் தலை, கனத்த கண்ணாடி. அவர் பத்திரத்தைப் பிரெஞ்சில் வாசிக்க, டானியேல் ஒவ்வொரு வரியாக க்ரியோலில் சொன்னான். நிலத்தின் நான்கு எல்லை, லிச்சி மரம், கிணறு. பிறகு வாங்குபவரின் பெயர் வந்தது. அதை அடுத்த சொல்லை டானியேல் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லுங்கள்,” என்றாள் பாக்கியம்.

அவன் சத்தமாகச் சொன்னான். கோபாலன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இது உண்மைதானா என்று நொத்தேர் கேட்டார். எல்லாரிடமும் கேட்கும் கேள்விதான். பாக்கியம் ரவிக்கைக்குள் மறைத்து வைத்திருந்த தாலியை வெளியே எடுத்து, புடவைமேல் நேராகத் தொங்கவிட்டாள். அது இல்லாதது போல உட்கார்ந்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவளால் முடியவில்லை.

“உங்கள் சட்டத்தில் நான் அப்படித்தான், முசியே.”

நொத்தேர் தாலியைப் பார்த்தார். அப்படிப்பட்ட கழுத்துகளை அவர் முன்பும் பார்த்திருக்க வேண்டும். பத்திரத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் தமிழில் தன் பெயரை எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணியது.

வெளியே வரும்போது டானியேல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, “குடையை மறந்துவிட்டீர்கள், மாம்செல்,” என்றான். பத்திரத்தில் இருந்ததே வாயில் வந்துவிட்டது. சொன்னபிறகு அவன் காது சிவந்தது. பாக்கியம் திரும்பிப் போய்க் குடையை வாங்கிக்கொண்டாள்.

படி இறங்கும்போது சொலாஞ் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “மாம்செல் என்றதும் திரும்பிவிட்டாய், பார். இனி நீ என்னைவிடச் சின்னப் பெண்.” பாக்கியம் சிரிக்கப் பார்த்தாள். கோபாலன் சிரிக்கவில்லை. ரயிலடி வரைக்கும் அவர்களுக்குச் சற்று முன்னால் நடந்து, மூன்று டிக்கெட் வாங்கினான்.

வீட்டுக்கு வந்ததும் பாக்கியம் விளக்கேற்றினாள். பாதியில் நின்ற ஒரு சட்டைக்குப் பொத்தான் வைத்தாள். லிச்சி மரத்தில் குருவிகள் அடங்கின. கப்பல் கட்டணம் முடிந்து வைத்திருந்த துணி காலியாக மெஷின் மேல் கிடந்தது. அதை உதறி மடித்து, கத்தரிக்கோலைத் துடைக்க வைத்துக்கொண்டாள்.

பிறகு முன்கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது. விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவி, இப்படியும் அப்படியுமாக அசைத்துப் பார்த்தாள். வெகுநேரம் கழித்து அது முனகிக்கொண்டு துளைக்குள் இறங்கியது.

காது கொடுத்து நின்றாள். எதுவும் அறுந்த சத்தம் கேட்கவில்லை. தூரத்தில் கடைசி ரயில் போய்க்கொண்டிருந்தது.

அவர் வரட்டும். வந்தால் தட்டட்டும். யார் என்று அவள் உள்ளேயிருந்து கேட்பாள். அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாத அந்தப் பெயரை, வெளியே நின்று, அவரே சொல்லட்டும்.