நாலு பேர் முன்னாடி

மணிவேலை ஜீப்பில் ஏற்றியபோது, லாட்ஜ் வாசலில் எள் விளக்கு வாங்கிக்கொண்டிருந்த பக்தர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாடியில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தவனைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்கள். “கொலை கேஸு” என்று இன்ஸ்பெக்டர் லாட்ஜ் முதலாளி கலைவாணனிடம் சொன்னது திருநள்ளாறு சன்னதித் தெரு முழுக்கக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னார்.

செத்தது தெட்சிணாமூர்த்தி. காரைக்கால் துறைமுகத்தில் விசைப்படகு வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தன் வலைக் கொட்டகையில் மண்டை உடைந்து கிடந்தார். அவருடைய படகில்தான் மணிவேல் வெகுகாலம் டிரைவராக இருந்தான். குடி முற்றிப்போயிருந்த நாளில், துறைமுகமே பார்க்க அவர் தலையில் பாட்டிலால் அடித்தவனும் அவன்தான். கொல்லாமல் விடமாட்டேன் என்று அன்றைக்குக் கத்தியது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. வேலை போய், மனைவி மலர்க்கொடி மகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய், ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்த பிறகு மணிவேல் குடியை விட்டான். விட்ட கையோடு தெட்சிணாமூர்த்தி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டான். அவர் அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார். இதை அவன் ஸ்டேஷனில் சொன்னபோது, டீ கொடுத்த ஆளையா கொன்னே என்று கேட்டு ஓர் அடி விழுந்தது.

ஞாயிறு சாயங்காலம் எங்கே இருந்தாய் என்றார்கள். காரைக்காலில், கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் இருந்ததாகச் சொன்னான். குடியை விட்டவர்கள் வாராவாரம் அங்கே கூடிப் பேசுவார்கள். கூட யார் இருந்தார்கள் என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டான். அங்கே வருகிறவர்களின் பெயரை வெளியில் சொல்வதில்லை என்பது எல்லோரும் ஒத்துக்கொண்ட பேச்சு. அந்தப் பேச்சை நம்பித்தான் அவரவர் தன் அசிங்கத்தை அங்கே கொட்டினார்கள்.

“எடத்த சொல்லிட்டேன் சார். பேரு சொல்ல மாட்டேன். நீங்களே போயி விசாரிச்சுக்குங்க.”

“குடிகாரனுக்கு இவ்வளவு ரோஷமா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

போலீஸ் விசாரிக்கவும் செய்தது. மாடியை வாடகைக்கு எடுத்திருந்தவர் குணசேகரன், ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், கூட்டத்தை நடத்துகிறவர். அங்கே யோகா வகுப்பு நடக்கிறது, யார் யார் வந்து போகிறார்கள் என்று தான் கவனிப்பதில்லை என்று அவர் சொல்லிவிட்டார். ‘மணிவேல், நீ தனி ஆள் இல்ல’ என்று ஒவ்வொரு வாரமும் தோளைத் தட்டிக்கொடுத்தவர். லாக்கப்பில் ஏட்டு அதை வந்து சொன்னபோது, அடி வாங்கிய இடமெல்லாம் மறந்து மணிவேலுக்கு நெஞ்சு கொதித்தது. குடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஊர் காறித் துப்பியது நியாயம். இப்போது எதற்கு? அன்றைக்கு அந்த மாடியில் இருந்தவர்கள் அத்தனை பேர் போனுக்கும், அவனை ஜீப்பில் ஏற்றியபோது யாரோ எடுத்த படம் வந்திருக்கும். பார்த்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள்.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குத் தையல்நாயகி வந்தார். அரசுப் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் இறந்த பிறகு வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்க ஆரம்பித்து, யாருக்கும் தெரியாமலே அதிலிருந்து மீண்டவர். ஏட்டின் மகள் அவரிடம்தான் படிக்கிறாள். ஏட்டு எழுந்து நாற்காலி போட்டார். டீச்சர் உட்காரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முழுக்க மணிவேல் தன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார் என்று சொன்னார்.

“குடிகாரங்க கூட்டத்துல உங்களுக்கு என்ன வேலை டீச்சர்?” இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“நானும் குடிகாரிதான் சார்.”

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். உதட்டை மடித்து அடக்கியும் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிச்சு முடிச்சீங்கன்னா எழுதிக்கலாம்” என்றார் டீச்சர். “எதிர்த்தாப்புல மருந்துக்கடையில கேமரா இருக்கு. நாங்க ஏறுனது எறங்குனது எல்லாம் அதுல இருக்கும். நீங்க நேத்தே பாத்துருக்கலாம்.”

கேமராவில் எல்லாம் இருந்தது. அதற்குப் பிறகுதான் போலீஸ் வேறு பக்கம் தேடியது. தெட்சிணாமூர்த்தியின் அக்காள் மகன், படகைத் தன் பெயருக்கு எழுதித் தரச்சொல்லிச் சண்டை போட்டவன், வேளாங்கண்ணியில் ஒரு ரூமில் பிடிபட்டு எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் மணிவேலைக் கூப்பிட்டு, போகலாம், கூப்பிட்டால் வரவேண்டும் என்றார். வாசலில் மலர்க்கொடி நின்றிருந்தாள்; அவள் இன்னும் தாய் வீட்டில்தான் இருந்தாள். நெரவியில் மீன் விற்றுவிட்டு நேராக வந்திருந்தாள், மொபெட்டில் காலிக் கூடை இருந்தது. புருஷனுடைய வீங்கிய முகத்தைப் பார்த்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். இரண்டு மடக்குக் குடித்த மணிவேல் திரும்பி உள்ளே போய் இன்ஸ்பெக்டர் மேஜை முன்னால் தரையில் உட்கார்ந்தான்.

“என்னய்யா?”

“நாலு பேரு முன்னாடி கொலைகாரன்னு கூட்டியாந்தீங்க. அதே ஜீப்புல கொண்டுபோயி, அதே நாலு பேரு முன்னாடி நான் இல்லன்னு சொல்லி எறக்கிவிடுங்க. அதுவரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன்.”

மிரட்டினார்கள். ஏட்டு வந்து சமாதானமாக, வீட்டுக்குப் போங்க அண்ணே, விட்டதே பெருசு என்றார். அந்த வார்த்தைதான் மணிவேலுக்குப் பொறுக்கவில்லை. செய்யாத குற்றத்துக்கு விடுதலை எப்படிப் பெரிசாகும் என்று கேட்டான். மலர்க்கொடி உள்ளே வந்து அவன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சாயங்காலம் பள்ளி விட்டு வந்த தையல்நாயகியும் உட்கார்ந்தார். ஸ்டேஷனுக்கு வந்துபோனவர்கள் நின்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். யாரோ போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். அதன் பிறகு எஸ்.ஐ. ஒருவர் முனகிக்கொண்டே ஜீப்பை எடுத்தார்.

லாட்ஜ் வாசலில் எஸ்.ஐ. இறங்கி, வேறு ஆள் கிடைத்துவிட்டான் என்று கலைவாணன் காதோடு சொன்னார்.

“சத்தமா சொல்லுங்க சார்” என்றாள் மலர்க்கொடி. “அன்னைக்கு மெதுவாவா சொன்னீங்க?”

அவர் சத்தமாகச் சொன்னார். பூக்கடைக்காரர் எழுந்து வந்து மணிவேலின் கையைப் பிடித்துக்கொண்டார். வேலைக்கு வேறு ஆள் போட்டாயிற்று என்றார் கலைவாணன். யாத்திரைக்காரர்கள் வருகிற இடம், பெயர் கெட்டால் தொழில் போய்விடும் என்று காரணமும் சொன்னார். மணிவேல் தன் பையை எடுத்துக்கொண்டு மொபெட்டில் மலர்க்கொடிக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தான். எங்கே என்று அவன் கேட்கவில்லை. அவள் தன் தாய் வீட்டுக்குத்தான் ஓட்டினாள்.

அடுத்த கூட்டத்தில் குணசேகரன் மன்னிப்பைப் பற்றி மெதுவான குரலில் பேச ஆரம்பித்தார். மணிவேல் எழுந்தான்.

“அடி வாங்கியும் உங்க பேர நான் சொல்லல சார். கேட்டப்ப என் பேர நீங்க சொல்லிருக்கலாம்.”

குணசேகரன் குடும்பம், மரியாதை, மருமகன் என்று ஏதோ சொன்னார். தையல்நாயகி அன்று வரவில்லை. குடிகார டீச்சர் வேண்டாம் என்று பெற்றோர் சிலர் கிளம்பியிருப்பதும், அவரை எங்கோ ஆந்திரக் கரையில் இருக்கும் ஏனாமுக்கு மாற்றப்போவதாகப் பேச்சு அடிபடுவதும் அங்கேதான் அவனுக்குத் தெரிந்தது. ஒரு பெண் உண்மையைச் சொன்னதற்கு ஏனாம். பொய் சொன்னவர் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து மன்னிப்பைப் பற்றிப் பேசுகிறார். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன், வருகிறவர்கள் வாங்க என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

மலர்க்கொடியும், கூட்டத்திலிருந்து பழக்கடை காஜா நஜ்முதீனும் வந்தார்கள். குணசேகரன் வரவில்லை. பள்ளி வாசலில் நின்ற பெற்றோர்களுக்கு முன்னால் மணிவேல் கைகூப்பவில்லை.

“கொலைகாரன்னு போன்ல பாத்தீங்கல்ல, அது நான்தான். டீச்சர் வரலன்னா இந்நேரம் ஜெயில்ல கெடப்பேன். அவங்க குடிச்சத அவங்களே சொல்லாம உங்களுக்கு எப்படிங்க தெரியும்? ஒரு நாளாவது பிள்ளைங்க முன்னாடி தடுமாறி நின்னாங்களா? நின்னிருந்தா சொல்லுங்க, நான் போயிடுறேன்.”

சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். காஜா நஜ்முதீன், தானும் அந்த மாடிக்குப் போகிறவன்தான் என்று சொல்லிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார். விசாரித்துப் பார்க்கலாம் என்றார் பெற்றோர் புகாரைக் கேட்க வந்திருந்த கல்வித்துறை அதிகாரி.

அந்த விசாரணை இன்னும் முடியவில்லை. தையல்நாயகி தினமும் வகுப்புக்குப் போகிறார். முதல் வாரம் பாதி பெஞ்சு காலியாக இருந்தது. ஏட்டின் மகள் மட்டும் ஒருநாளும் தவறாமல் வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தாள்.