டின்னுக்குள் கிடந்த மனு

அறுபத்தொன்பதில், பெர்மிட்டுக்குக் கடைசி நாளன்று, அப்பாசாமி என் தட்டச்சு மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டினார். மலாக்காவில், காஜா பெராங்கில் மிளகாய் மில் வைத்திருப்பவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடியுரிமை இல்லாத வேலையாட்களுக்கு முதலாளி பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற சட்டம் வந்து மாதக்கணக்காகிறது. அந்தப் பாரங்களை நிரப்பிக் கொடுக்கும் கிராணி நான்; அதுதான் என் பிழைப்பு. இவரிடம் நான்கு தடவை மில்லுக்கே போய்ச் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

பின்னால் கமலவேணி நின்றாள். பதினாறு வருடமாக அந்த மில்லில் மிளகாய் அரைப்பவள். அவளுடையது சிவப்பு ஐ.சி., குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டை. பெர்மிட் கிடைக்காவிட்டால் வேலை போகும், வேலை போனால் இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதுதான். அங்கே அவளுக்கு ஒருவரும் இல்லை.

"உட்காரும்மா" என்றேன். உட்காரவில்லை. முதலாளி முன்னால் உட்கார்ந்து பழக்கமில்லை.

இந்த வேலைக்கு ஏன் குடிமகன் ஒருவரை வைக்க முடியாது என்று பாரத்தில் ஒரு கேள்வி. படித்துக் காட்டினேன்.

"இவ மாதிரி மில்லு தெரிஞ்ச ஆளு மலாக்காவுலயே இல்லன்னு எழுதுங்க கிராணி" என்றார் அப்பாசாமி.

"சரி, இவள் ஐ.சி. எங்கே?"

மடியிலிருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தார். வேலையாட்களின் ஐ.சி.யை வாங்கிப் பூட்டி வைப்பது அவர் வழக்கம். கேட்டால், தொலைந்துவிடும் என்பார். ஆள் தொலைந்துவிடக் கூடாது என்பதுதான் விஷயம்.

ஐ.சி.யோடு மடித்த காகிதம் ஒன்றும் வந்தது. பிரித்தால் என் கையெழுத்து! ஐம்பத்தேழில் மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்தபோது, மலாய்ப் பரீட்சை இல்லாமலே குடியுரிமைக்குப் பதியலாம் என்று ஓராண்டு அவகாசம் தந்தார்கள். அப்போது கமலவேணிக்காக நான் எழுதிய மனு. ஆபீசில் சேர்த்துவிடுகிறேன் என்று வாங்கிப் போனவர் இதே அப்பாசாமி.

"இது என்னய்யா?"

"அதுவா... அப்ப நம்ம ஆளுங்கள்ல சிட்டிசன் ஆன ரெண்டு பேரும் ஒடனே வேற வேலைக்குப் போயிட்டாங்க. இவளும் போயிட்டா மில்ல யாரு பாக்குறது? அப்புறம் மறந்தே போச்சு."

மறந்தே போச்சாம்! மனு மேலே போயிருக்கிறது, வரும் வரும் என்று அவளிடம் பன்னிரண்டு வருடம் சொன்ன வாய். நான் கத்தினேன். பக்கத்துக் காப்பிக்கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்பாசாமி நான் காட்டிய இடத்திலெல்லாம் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஐ.சி.யை மறுபடி டின்னில் வைக்கப் போனார். பிடுங்கிக் கமலவேணியிடம் கொடுத்தேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் ஐ.சி.யைப் பார்க்கவில்லை. பழைய மனுவில் இருந்த தன் பெருவிரல் ரேகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அவரு புத்தி எனக்குத் தெரியும் கிராணி ஐயா. நீங்க மாசாமாசம் மிளகாத்தூள் வாங்க வந்தீங்களே? பன்னெண்டு வருசத்துல ஒரு தடவயாவது, அந்த மனு என்னாச்சுன்னு கேட்டீங்களா?"

மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினேன். பெருவிரலை அழுத்தி வைத்தாள். மை காய்வதற்குள் பாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நானே கொண்டுபோய்க் குடுத்துக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் இங்கேயே உக்காந்திருங்க."